காளியம்மாளின் பங்கு

சென்ற மாதம் எங்கள் வட்டார அலுவலகத்தில் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு ஒரு பயிற்சி வைத்திருந்தார்கள். ஓய்வு பெற்று எத்தனையோ வருடமாகிவிட்டது, இருந்தும் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பேச்செல்லாம் முடிந்த பிறகு ஒரு பெண் எழுந்தாள். "அம்மா, கறுத்துப்போன வாழப்பழத்த வெச்சு என்னென்னமோ செஞ்சு இப்ப ஃபோன்ல வீடியோ போடுறாக. நீங்க அந்தக் காலத்துலயே ஊர் ஊராப் போயி செஞ்சு காட்டுனீகளாமே. ஒரு பக்குவம் சொல்லுங்களேன்" என்றாள்.

சொன்னேன். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். அந்தப் பக்குவத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒரு பெண்ணின் கதையும் இருக்கிறது. டீயும் வடையும் வந்துவிட்டன, கூட்டம் கலைந்துவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் கிராம சேவிகாவாகச் சேர்ந்தது ஐம்பதுகளின் பின்பாதியில். திண்டுக்கல் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தில் கோழி வளர்ப்பு, புகையில்லா அடுப்பு, தையல், குழந்தை குளிப்பாட்டுவது என்று கலந்து கட்டிச் சொல்லிக்கொடுத்து, ஒரு வெள்ளைச் சேலையையும் கொடுத்து அனுப்பினார்கள். ராமநாதபுரத்துக்கும் உத்தரகோசமங்கைக்கும் நடுவில் இருந்த சிற்றூர்கள் என் பொறுப்பில் வந்தன. கிராம சேவிகா என்பது யார் வாயிலும் நுழையவில்லை. 'சேவியம்மா' என்றே கூப்பிட்டார்கள்.

எனக்கு மேலே முக்கிய சேவிகாவாக இருந்தவர் லூர்தம்மாள். தங்கச்சிமடத்துக்காரர். தகப்பனார் வத்தைப் படகில் கடலுக்குப் போனவர், மகளைக் கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் சேர்த்துப் படிக்க வைத்திருந்தார். நல்ல உயரம். சேலையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு வரப்பில் அவர் நடந்தால், நான் பின்னால் ஓட வேண்டியிருக்கும். ஊருக்குள் நுழைவதற்கு முன் என்னை நிறுத்தி நகத்தைப் பார்ப்பார். அழுக்கிருந்தால் நடுரோட்டில் வைத்தே திட்டுவார். ஆனால் எந்த வீட்டுப் பெண்ணிடமும் "நீ செய்வது தப்பு" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு கேள்வி கேட்பார். பதில் வரும்வரை பேசாமல் உட்கார்ந்திருப்பார். அப்படிப் பேசாமல் இருப்பது திட்டுவதைவிடக் கஷ்டமாக இருக்கும்.

அப்போது மழை பொய்த்த காலம். கண்மாய்கள் வெடித்துக் கிடந்தன. காய்கறித் தோட்டம் போடுங்கள் என்று நாங்கள் விதைப் பொட்டலம் கொடுத்தால், "குடிக்கவே தண்ணியக் காணோம், இத எங்கன போட?" என்று திருப்பிக் கொடுத்தார்கள். லூர்தம்மாள் விதையை மூட்டை கட்டி வைத்துவிட்டார். "இருக்கறத வெச்சுத்தான் செய்யணும். இந்த ஊருகள்ல எது வீணாப் போவுதுன்னு பாத்துட்டு வா" என்று என்னை அனுப்பினார். பார்த்தேன். வீணாகப் போனது பழம்தான். சந்தையில் விலைபோகாத வாழைப்பழம், கொல்லையில் காக்கை கொத்திய பப்பாளி, விழுந்த இடத்திலேயே கிடந்து நாறும் பனம்பழம். கறுத்ததைத் தின்றால் வயிற்றுக்கு ஆகாது என்று மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

லூர்தம்மாள் செய்முறை காட்டும் விதத்தை எழுதிவிடுகிறேன். தரையில் உட்கார்ந்து சுளகை முன்னால் வைத்துக்கொள்வார். ஒவ்வொரு பழத்தையும் காம்புப் பக்கம் கிள்ளி முகர்ந்து பார்ப்பார். தோல் மட்டும் கறுத்து உள்ளே வெளுப்பாக இருந்தால் ஒரு பக்கம். சதையில் அடிபட்டு, கன்றி இருந்தால் அந்த இடத்தை வழித்து எறிந்துவிட்டு இன்னொரு பக்கம். நுனியில் நீர் கோத்துக் கள் வாடை அடித்தால் மாட்டுக்கு. இந்த மூன்றாவது குவியலில் அவருக்கு இரக்கமே கிடையாது. "அரைப்பழந்தானம்மா கெட்டிருக்கு" என்று யாராவது இழுத்தால், கையைத் தட்டிவிடுவார்.

பிறகு கேப்பை மாவை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுக்க வேண்டும். நிலக்கடலையை வறுத்து, தோலைத் தேய்த்து ஊதி, உரலில் கொரகொரப்பாக இடிக்க வேண்டும். பழத்தைக் கையாலேயே மசித்து, மாவும் கடலையும் கலந்து, ஒரு சிட்டிகை உப்பு. கருப்பட்டி வேண்டாம், கறுத்த பழத்துக்கு இனிப்பு தன்னால் இருக்கும். தண்ணீரும் வேண்டாம், பழத்தின் ஈரமே போதும். பனையோலைக்குள் வைத்து அமுக்கிக் கட்டி ஆவியில் வேக வைத்தால் கொழுக்கட்டை. அதையே வெந்நீர் விட்டுக் கரைத்தால் பச்சைப்பிள்ளைக்குக் கஞ்சி. பப்பாளியாக இருந்தால் புளியும் மிளகாயும் போட்டுப் பச்சடி. வெந்ததும் எல்லாருக்கும் முன்னால் அவர் ஒரு வாய் தின்பார். பிறகு நான் தின்ன வேண்டும்.

நிலக்கடலைக்கு மட்டும் வழியிருந்தது. மிகவும் மெலிந்த குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு வாரம் ஒரு படி கடலை கொடுக்கத் திட்டத்தில் இடம் இருந்தது. குழந்தைக்கு மட்டும்தான்.

அப்படிக் கடலை வாங்கியவள் காளியம்மாள். புருஷன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவன். முதலில் ஆள் மூலம் சேதி வந்துகொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் முத்துவுக்கு ஒன்பது வயதிருக்கும். சின்னவள் பேச்சிக்கு இரண்டு முடிந்திருந்தது, இன்னும் நடக்கவில்லை. காளியம்மாள் ராமநாதபுரம் மண்டியில் வாழைப்பழம் எடுத்து, ஸ்டேஷனில் ராமேஸ்வரம் போகும் யாத்ரீகர்களிடம் விற்பாள். ஊரிலிருந்து ஸ்டேஷனுக்கு நாலு கல் நடை. விற்காமல் திரும்பி வரும் பழம்தான் வீட்டில் சாப்பாடு. பஞ்ச காலத்தில் யாத்ரீகர்கள் குறைந்துவிட்டார்கள். கறுத்த பழம் மட்டும் அந்த வீட்டில் எப்போதும் இருந்தது.

கொழுக்கட்டையை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டவள் அவள்தான். கை சுத்தம். மற்ற பெண்களுக்கு அவளையே செய்து காட்டச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஒரு மாதத்தில் பேச்சியின் கன்னம் உப்பி, கை கால் திரண்டு வந்தது. "சேவியம்மா புண்ணியத்துல புள்ள தெளிஞ்சிருச்சு" என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் தூக்கி வைத்துக்கொண்டு எனக்குக் காட்டினார்கள். லூர்தம்மாள் வந்தபோது பெருமையோடு அந்த வீட்டுக்குத்தான் முதலில் அழைத்துப் போனேன்.

அவர் குழந்தையை மடியில் வாங்கினார். முடியை விரலால் நீவிப் பார்த்தார். செம்பட்டையாக இருந்தது, தொட்டதும் கையோடு வந்தது. பிறகு புறங்காலில் கட்டைவிரலை வைத்துச் சிறிது நேரம் அமுக்கி எடுத்தார். விரல் வைத்த இடம் குழியாக அப்படியே நின்றது. வாசலில் நின்ற பெண்களின் சிரிப்பு அடங்கியது.

"இது சதையில்ல தாயி. நீரு" என்றார் காளியம்மாளிடம்.

காளியம்மாள் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். லூர்தம்மாள் மூலையில் இருந்த சட்டியைத் திறந்து, ஓலைக்குள் மிச்சமிருந்த கொழுக்கட்டையைப் பிட்டு முகர்ந்தார். எனக்கும் நீட்டினார். பழமும் கொஞ்சம் கேப்பையும் இருந்தன. கடலை இல்லை. எழுந்து வாசலில் நின்றவர்களை அனுப்பிவிட்டு, ஓலைத் தட்டியைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கடலைய என்ன செஞ்ச தாயி?"

லூர்தம்மாள் பேசாமல் உட்கார்ந்திருந்தார். முத்து சுவரோடு ஒண்டி நின்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நாந்தான் தின்னேன்" என்றாள் காளியம்மாள்.

யாரும் கேட்காமலே மேலும் சொன்னாள். "கூடையத் தூக்கிட்டு நடந்தா பாதி வழியில கண்ணு இருட்டிட்டு வருது. ஒருநா கூடையோட விழுந்துட்டேன். பழம் பூராம் நசுங்கிப்போச்சு. அன்னைக்கு மூணு பேரும் பட்டினி. மறுநா கடலைய மடியில கட்டிக்கிட்டுப் போனேன். ரோட்டுல யாரும் வராத எடமாப் பாத்துத் தின்னுக்கிட்டே நடந்தேன். தின்னா நடக்க முடியுது. நா விழுந்துட்டா இதுக ரெண்டும் யாருகிட்டப் போயி நிக்கும்?"

எனக்கு அப்போது இருபத்தோரு வயது. கல்யாணம்கூட ஆகவில்லை. பெற்ற பிள்ளையின் வாய்ச் சோற்றைத் தின்றவள் என்றுதான் எனக்குப் பட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். லூர்தம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

"நீ கூடையத் தூக்கத்தான வேணும்" என்று அவளிடம் சொன்னார். "ஆனா இத இப்படியே விட்டா புள்ள தாங்காது. நாளையில இருந்து இவ காலையில வருவா. இவ கையாலயே ஊட்டிட்டுப் போவா. இந்தக் கடல புள்ளைக்கு."

காளியம்மாள் தலையசைத்தாள். வெளியே வந்ததும் லூர்தம்மாள், இங்கே பேசியது ஊருக்குத் தெரியக்கூடாது என்றார். கடைசிவரை தெரியவில்லை. அன்றே அவர் வட்டார அதிகாரியிடம் போய்த் தாய்க்கும் ஒரு பங்கு கேட்டார். அதிகாரி கெட்டவர் அல்ல. "இது குழந்தைகளுக்கு வந்த திட்டம். அம்மாவுக்கும் சேர்த்தா மாவட்டம் பூராவுக்கும் சேர்க்கணும். கடலைக்கு எங்கே போக?" என்றார். லூர்தம்மாள் தனக்குத் தெரிந்த மிஷன் ஆஸ்பத்திரியில் சொல்லிக் குழந்தைக்குப் பால் பவுடர் மட்டும் வாங்கி வந்தார்.

நான் தினமும் போனேன். முதலில் பேச்சி வாயையே திறக்கவில்லை. பசி மரத்துப்போன குழந்தைக்கு ஊட்டுவது எளிதல்ல. விரல் நுனியால் தொட்டு நாக்கில் தடவ வேண்டும். விழுங்கியது பாதி, கக்கியது பாதி. பிறகு வீக்கம் வடியத் தொடங்கியது. வீக்கம் வடிந்ததும் உள்ளே இருந்தது எலும்பும் தோலும்தான் என்பது வெளியே தெரிந்தது. ஊர்ப் பெண்கள் என்னைப் பார்க்கும் விதம் மாறியது. "நல்லா இருந்த புள்ள. சேவியம்மா கை பட்டு வத்திப்போச்சே" என்று என் காதில் விழும்படியே சொன்னார்கள். காளியம்மாள் மட்டும் நான் வரும்வரை காத்திருந்து, பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டுக் கூடையை எடுப்பாள். தலையில் ஏற்ற நான் ஒரு கை கொடுப்பேன்.

ஒருநாள் பேச்சி தானாகக் கையை நீட்டி ஓலையைப் பிடித்து இழுத்தாள். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கூடையை ஏற்ற நான் கொடுக்கும் கை நாளுக்கு நாள் கூடுதலாகத் தேவைப்பட்டது. ஒருநாள் ஒரு கொழுக்கட்டையை அவள் பக்கம் தள்ளினேன். "வேணாம் தாயி. அது புள்ள பங்கு" என்று பின்னால் நகர்ந்துகொண்டாள். "நீ என்ன சாப்புட்ட?" என்று கேட்டேன். "பழந்தான் கெடக்கே" என்றாள். கூடையில் பழம் இருந்தது. நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

சித்திரை வெயில் ஏறிவிட்ட ஒரு காலையில், நான் இன்னொரு ஊரில் இருந்தபோது ஸ்டேஷன் போர்ட்டர் ஒருவர் சைக்கிளில் என்னைத் தேடி வந்தார். "பழக்காரம்மா பிளாட்பாரத்துல விழுந்துட்டாக. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்கோம்" என்றார். லூர்தம்மாளுக்கு ஆள் அனுப்பிவிட்டு ஓடினேன். இருவரும் சற்று முன்பின்னாகப் போய்ச் சேர்ந்தோம். வராந்தாவில் பாய் விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். நாக்கும் நகமும் வெள்ளைக் காகிதம்போல் இருந்தன.

லூர்தம்மாள் குனிந்து, "காளியம்மா, நா லூர்து வந்துருக்கேன்" என்றார்.

அவள் கண்ணைத் திறந்தாள். "கூடை எங்கன?" என்று கேட்டாள்.

"இருக்கு. ஒன் சேக்காளிக எடுத்து வெச்சிருக்காளுக."

"வெயில்ல வெக்கச் சொல்லாதீக" என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை. பிற்பகலில் உயிர் போய்விட்டது. டாக்டரிடம் லூர்தம்மாள் காரணம் கேட்டார். "உடம்பில் ரத்தமே இல்லையேம்மா. இவர் நடந்து வந்தார் என்பதையே என்னால் நம்ப முடியவில்லை" என்றார் அவர்.

ஸ்டேஷனில் அவளோடு பழம் விற்ற பெண்கள் கூடையை வீட்டில் கொண்டுவந்து சேர்த்தார்கள். காரியங்கள் நடந்த வீட்டில் அதை யாரும் தொடவில்லை. எல்லாம் முடிந்த மறுநாள் காலையில் நான் வழக்கம்போலப் போனேன். பழம் அத்தனையும் கறுத்திருந்தது. பரமக்குடியிலிருந்து வந்திருந்த காளியம்மாளின் அக்கா சுவரில் சாய்ந்து கிடந்தார். பிள்ளைகள் இரண்டும் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. வேறு என்ன செய்ய? சுளகை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, காம்பைக் கிள்ளி முகர்ந்து பிரிக்க ஆரம்பித்தேன். முத்து பக்கத்தில் உட்கார்ந்து தோலை உரித்துக் கொடுத்தாள். உரித்த தோலைத் தூரப் போடவில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாள்.

"அத எதுக்குடி அடுக்குற? மாட்டுக்குப் போடு" என்றேன்.

"அம்மாவுக்கு எடுத்து வெக்கிறது" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள். "அம்மா தோல வழிச்சுத்தான் திங்கும். பழத்த எங்களுக்குக் குடுத்துரும். நல்ல பழம் விக்கணும்ல. கெட்டுப்போனது இருக்குல்ல, நீங்க மாட்டுக்குன்னு ஒதுக்குனது, அதையும் திங்கும். திங்கயில வயித்தப் புடிச்சுக்கும்."

மசித்த பழத்துக்குள் கையை விட்டபடி நான் உட்கார்ந்திருந்தேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பேச்சிக்குப் பசி வந்து அழுதாள். பசி வந்து அழும் அளவுக்கு அவள் தேறியிருந்தாள். அவளுக்கு ஊட்டத்தான் வேண்டியிருந்தது, ஊட்டினேன். முழுக் கொழுக்கட்டையையும் தின்றுவிட்டு இன்னும் வேண்டும் என்று கையை நீட்டினாள்.

பெரியம்மா இருவரையும் பரமக்குடிக்குக் கூட்டிப் போய்விட்டார். பேச்சி பிழைத்துக்கொண்டாள், நடந்தாள், பள்ளிக்கூடம் போனாள் என்று கேள்விப்பட்டேன். அம்மாவின் முகம் அவளுக்கு நினைவிருக்காது.

முத்து சொன்னதை லூர்தம்மாளிடம் சொன்னபோது அவர் பஸ்ஸுக்காகப் புளியமரத்தடியில் நின்றிருந்தார். பஸ் வந்தது, அவர் ஏறவில்லை. அது போன பிறகு, "அவ கையில இருந்து பிடுங்கி ஒரு வாய்க்குக் குடுத்தோம். அவ வாய யாரு பாத்தா?" என்றார். "அவ சொன்னா. விழுந்துருவேன்னு வாயவிட்டுச் சொன்னா." அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, "அடுத்த செய்முறை எந்த ஊர்ல?" என்று கேட்டார்.

அதன் பிறகு அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. வீட்டில் கறுத்துக் கிடக்கும் பழத்தை ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுவரச் சொல்லி, ஒரே பானையில் எல்லாருக்குமாகச் செய்தோம். திட்டத்தின் கடலையும் அதற்குள்ளேயே போனது. குழந்தைகளுக்கு வந்த கடலை பெரியவர்களுக்குப் போகிறது என்று மேலே புகார் போய், விளக்கம் கேட்டார்கள். "ஆமா, போவுது" என்று சொன்னாராம். சிவகங்கைப் பக்கம் மாற்றிவிட்டார்கள். நான் அந்த முறையை விடவில்லை. அவருக்குப் பின்னால் வந்த அதிகாரிகளில் சிலர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துகொண்டார்கள்.

அப்படி ஒரே பானையில் எல்லாருக்குமாகச் செய்த முதல் நாளை மட்டும் சொல்லி முடிக்கிறேன். கொழுக்கட்டை வெந்து இறங்கியது. குழந்தைகளைக் கொஞ்சம் தள்ளி மரத்தடியில் விளையாட விட்டிருந்தோம். லூர்தம்மாள் பெண்களை வரிசையாக உட்காரச் சொல்லி ஆளுக்கொரு ஓலையைக் கையில் வைத்தார். ஒருத்தியும் வாயில் வைக்கவில்லை. சிரித்தார்கள், ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். இரண்டு பேர் சத்தமில்லாமல் மடியில் முடிந்துகொள்ளப் பார்த்தார்கள்.

"மடியில கட்டாதீக. புள்ளைகளுக்குத் தனியா இருக்கு, அந்தா பானையில பாருங்க. இது ஒங்களுக்கு. இங்கனயே திங்கணும். நீங்க தின்னு முடிக்கிறவரைக்கும் நா இங்கனயேதான் நிப்பேன்" என்றார் லூர்தம்மாள்.

சிரிப்பு நின்றது. ஒரு வயதான பெண் மெதுவாகச் சொன்னாள்: "ஆள் பாக்கத் தின்னு பழக்கமில்லம்மா."

"அப்ப திரும்பி உக்காருங்க."

ஒவ்வொருத்தியாகத் திரும்பி உட்கார்ந்தார்கள். கிழிசல் சேலையில் தெரிந்த தோள்பட்டை எலும்புகள் அசையத் தொடங்கின. முதலில் மெதுவாக. பிறகு அவசர அவசரமாக. ஓலையை நக்கும் சத்தம் கேட்டது. நானும் லூர்தம்மாளும் அந்த முதுகுகளைப் பார்த்தபடி வெயிலில் நின்றுகொண்டிருந்தோம்.